ஏழு மாத்திரைக்கு மேல் கிடையாது

காய்ச்சல் மாத்திரையைப் பத்துப் பேருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்; தூக்க மாத்திரையை ஒரே ஒருவருக்குக் கொடுத்தாலும், மறுபடி அவர் முகத்தைப் பார்க்கிறவரை நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கும். டாக்டரிடம் மாத்திரை கட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். எண்பதுகளில் அரூரில் ஒரு டாக்டரிடம் எனக்கு அந்த வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் நர்சம்மாதான்.

மலையிலிருந்து வந்தவர்

தூக்க மாத்திரை மட்டும் ஒரு தடவைக்கு ஏழுக்கு மேல் கொடுக்கக் கூடாது, வாராவாரம் ஆள் நேரில் வர வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. கையில் நிறைய இருந்தால், ஒன்று போட்டும் தூக்கம் வரவில்லையே என்று இன்னொன்றைப் போடுவார்கள் என்பார். நான் மூன்று முறை எண்ணித்தான் காகிதத்தில் மடிப்பேன். மடித்த பிறகு சந்தேகம் வந்து பிரித்தும் எண்ணுவேன்.

சித்தேரியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், சாமை விதைக்கிற நேரம், ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "வாராவாரம் மலையெறங்கி பஸ்சுல குலுங்கி வந்துட்டுப் போனா அந்த அலுப்புலயே தூக்கம் வந்துடுங்க. அப்புறம் மாத்திரை எதுக்குங்க?"

களி உருண்டைக்குள்

தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா, ஒரு தடவை மூன்று நாள் முன்னதாகவே வந்து நின்றார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம். துருவிக் கேட்டதில், குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் வீட்டுக்காரருக்குக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆள் இப்போது எங்கே என்று கேட்டேன். காலையிலேயே ஏர் ஓட்டப் போய்விட்டார் என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே கூட்டிப்போய் டாக்டர் முன்னால் நிறுத்தினேன். ஒருவருக்கு எழுதின மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கு மாத்திரை கிடையாது, வீட்டுக்காரரோடு வா என்று அனுப்பினார். அந்த அம்மா வாசலில் என்னிடம் நியாயம் கேட்டார்: "எனக்குத் தூக்கம் வரத்தான குடுத்தாரு? அந்த ஆளு தூங்குனாத்தான நர்சம்மா எனக்குத் தூக்கம் வரும்."

தவக்காலம்

லூர்து மேரிக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்து ஊரில் சொந்தக் காட்டில் பாடுபடுகிறவர். வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து தூக்கமில்லை. நாலு வாரத்துக்கு என்று ஆரம்பித்த மாத்திரை எட்டு மாதமாகிவிட்டது. ஒரு நாள் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வேர்வை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாத்திரையை நிறுத்தியவர், நாலு நாளாகக் கண் மூடவில்லை.

மாதக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும் என்று டாக்டர் பதறிப்போனார். மறுபடி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஈஸ்டரோடு முழுதாக விட்டுவிடலாம், அதுவும் தவம்தான் என்றார். மாத்திரையைப் பிளேடால் பாதியாகவும் காலாகவும் நறுக்கும் வேலை எனக்கு வந்தது. தவக்காலத்தில் எல்லாரும் கறியைத்தானே விடுவார்கள், இதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். லூர்து சொன்னார்: "கறி நான் திங்கறதே வருசத்துக்கு ரெண்டு நாளு. விட்டா வலிக்கிறதத்தான விடணும் நர்சம்மா?"

பகல் பன்னிரண்டு மணி

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை லூர்து வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். வரவில்லை. வலிப்பு என்று டாக்டர் சொன்ன வார்த்தை என் காதைவிட்டுப் போகவில்லை. கடைசி வாரம் நான் நறுக்கிய துண்டுகள் சரியான அளவுதானா என்ற பயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சமைத்ததைச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் லூர்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு இரண்டு கையாலும் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, என்னையும் வாசல் வெயிலையும் பார்த்தார். நேற்று கடலைக்காட்டில் வேலை, அதனால் வரமுடியவில்லை என்றார். பிறகு அழுகிறவர் மாதிரி சொன்னார்: "மாத்திரை இல்லாம இன்னைக்குத்தான் மொத மொதல்ல கண்ணு அசந்துச்சு. அதையும் எழுப்பி உட்டுட்டீங்களே நர்சம்மா."

அந்த வேலையில் நான் தூங்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். தானாகத் தூங்கினவரை பஸ் ஏறிப் போய் எழுப்பியது இந்த ஒரு தடவைதான்.