ஆலயப் பாடகிக்கு ஒரு போர்வை

பழைய எகிப்தைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். தலை நரைக்கும்வரை ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர் அவர். மகள் தாதியாக வருவாள், இல்லையென்றால் வங்கியில் இருப்பாள் என்று நம்பியிருந்தார்.

"செத்த ஆக்களைப் படிச்சு என்ன செய்யப் போறாய்? ஒரு அவுஸ்பில்டுங் செய்து தொழில் பழகினாலாவது சோறு போடும்."

"இருக்கிற ஆக்களைப் படிச்சாலும் அவையளும் ஒருநாள் சாவினம்தானே அப்பா."

அதற்குப் பிறகு கன காலம் என்னோடு அவர் தேவைக்கு மட்டும்தான் பேசினார். நான் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். கல்லறைப் பொன்னும் மம்மிகளின் சாபமும் தேடி வந்தவர்கள் வகுப்பில் சிலர் இருந்தார்கள். முதல் வருடத்தோடு காணாமல் போனார்கள். என்னைப் பிடித்து வைத்திருந்தவை சின்ன விஷயங்கள். விடியற்காலையில் பூசகர் ஆலயத்தின் உள்ளறையைத் திறப்பார். தெய்வத்தின் உருவத்தைக் கழுவுவார், புதுத்துணி உடுத்துவார், முன்னால் சாப்பாடு வைப்பார். தெய்வம் உண்ட பிறகு அந்தச் சாப்பாட்டை ஆலயத்து ஆட்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். திருநாட்களில் தெய்வத்தை ஒரு படகில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். எங்கள் மேல்மாடியில் இருந்த சைவக்கார அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே கேட்டார்: "அது எங்கட கோயில்ல நடக்கிறதுதானே. இதைப் படிக்கவோ பான் வரைக்கும் போனனீ?"

படித்து முடித்ததும் இந்தப் பக்கத்து நகரம் ஒன்றில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக வேலை கிடைத்தது. கடைசி அறையில், சாய்வான கண்ணாடி மூடிய பெட்டிக்குள், பதப்படுத்தித் துணி சுற்றிய ஒரு பெண் கிடந்தாள். அவளுடைய மரப்பேழை பக்கத்தில் நின்றது. அதில் அவளுடைய பெயர், தாயின் பெயர், ஆலயப் பாடகி என்ற பதவி எல்லாம் எழுதியிருந்தன. யாரோ ஒரு பணக்காரர், அந்தக் காலத்து வழக்கப்படி, விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட அவளுடைய முகத்துத் துணியை அவிழ்த்திருந்தார். பிறகு யாரும் அதைத் திருப்பிச் சுற்றவில்லை. காலையில் அறைக்குள் போனதும் அவளுடைய பெயரை வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம். பெயர் சொல்லப்படும்வரை இறந்தவர் இருப்பார் என்று அவளுடைய ஆட்கள் நம்பினார்கள். நான் கத்தோலிக்கப் பிள்ளை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதினால் எந்த அருங்காட்சியகம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் விடுகிறேன்.

ஒரு இலையுதிர் காலத்தில் இயக்குநர் அம்மையார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டிக்காரி, என்னிடம் எப்போதும் மரியாதையாக நடந்தவர். பார்வையாளர் குறைந்துகொண்டு வந்த கவலை அவருக்கு. ஹாலோவீன் மாலையில் குடும்பங்களுக்கு ஒரு நிகழ்ச்சி வைக்கப் போகிறோம் என்றார். விளக்குகளை அணைத்துவிட்டு, சாபக்கதை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அறையாகக் கூட்டிப் போக வேண்டும். கடைசி அறையில் திடீரென்று டார்ச் வெளிச்சத்தை அவளுடைய முகத்தில் அடிக்க வேண்டும். பிள்ளைகள் அலறுவார்கள்.

"உங்களுக்கு வெள்ளை உடையும் பொன் கழுத்தணியும் எடுத்து வைத்திருக்கிறோம்," என்றார். "உங்கள் நிறத்துக்கு அப்படியே எகிப்தியப் பெண் மாதிரி இருக்கும்."

"நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வுப்பர்டாலில் வளர்ந்தவள்."

"அது யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சிரித்தார்.

"எனக்குத் தெரியும். நான் செய்ய மாட்டேன். உடையும் போட மாட்டேன், வெளிச்சமும் அடிக்க மாட்டேன்."

அவருடைய சிரிப்பு மெதுவாகப் போனது. "ஒரு விளையாட்டுத்தானே. இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டுமா?"

"அடுத்த நாள் சகல புனிதர் திருநாள். நீங்கள் உங்கள் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டு போவீர்கள். முதல்நாள் யாராவது அவருடைய முகத்தில் வெளிச்சம் அடித்துப் பிள்ளைகளைப் பயப்படுத்தினால் விளையாட்டு என்று சொல்வீர்களா?"

"என் அம்மாவை இதற்குள் இழுக்காதீர்கள்," என்றார். குரல் உடைந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பேழையில் இருக்கிறவளுக்கும் ஒரு அம்மா இருந்தாள், அந்தப் பெயரும் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மாலை நிகழ்ச்சியை வேறொரு வழிகாட்டிக்குக் கொடுத்தார்கள். ஹாலோவீன் அன்று பிற்பகலில் பார்வையாளரைக் கூட்டிப் போகும் வழக்கமான சுற்று மட்டும் என்னிடமே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னபோது அம்மாகூட என் பக்கம் நிற்கவில்லை.

"அவ செத்து மூவாயிரம் வருசம் இருக்கும். அவவுக்கு என்ன தெரியப் போகுது? கிடைச்ச வேலையைக் கெடுத்துப் போடாதை பிள்ளை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமாவின்ர உடம்பு எங்கயாவது கிடைச்சு, அதை ஆரோ கண்ணாடிக்குள்ள வைச்சு டார்ச் அடிச்சா, அவருக்கு என்ன தெரியுமெண்டு விடுவியளோ?"

அம்மாவின் தம்பி கடைசிச் சண்டையின்போது வன்னியில் காணாமல் போனவர். அவருக்குக் கல்லறை இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அம்மா வுப்பர்டால் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் நிற்கும் பெரிய சிலுவைக்குக் கீழே, முன்பின் தெரியாத ஜேர்மன்காரரின் திரிகளுக்கு நடுவில், அவருக்கும் ஒரு திரி கொளுத்துவார். நான் சொன்னது அவரைக் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னேன். அம்மா எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து கேட்டார்:

"அண்டைக்கு எத்தினை மணிக்கு உன்ர சுற்று?"

ஹாலோவீன் அன்று பிற்பகல் அம்மா தனியாக ரயிலில் வந்து, டிக்கெட் எடுத்து, மற்றவர்களோடு வரிசையில் நின்றார். நல்ல குளிர்கோட்டும் கோயிலுக்குப் போகும்போது கட்டும் சேலையும். குழுவில் பெரும்பாலும் பெற்றோரும் பிள்ளைகளும். கடைசி அறைக்கு வந்ததும் வீட்டிலிருந்து கொண்டு போன வெள்ளை விரிப்பை எடுத்துக் கண்ணாடியின் மேல் விரித்தேன்.

"இவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்வேன்," என்றேன். "முகத்தை மட்டும் காட்ட மாட்டேன்."

ஒரு தகப்பன் உடனே குரல் கொடுத்தார். "நாங்கள் மம்மி பார்க்கத்தான் வந்தோம்."

"விரிப்பைத் தூக்குவதற்குத் தடை இல்லை. நீங்களே தூக்கிப் பார்க்கலாம். நான் தூக்க மாட்டேன்."

சொல்லத் தொடங்கினேன். அவளுடைய பற்கள் தேய்ந்திருந்தன; பாண் சுட்ட மாவில் பாலைவனத்து மணலும் அரைகல்லின் பொடியும் கலந்திருந்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் தேத்தண்ணி எப்படியோ அவளுடைய வீட்டில் பியர் அப்படி, பிள்ளைகளும் குடித்தார்கள். கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அவளுடைய நாட்டு அரசர்கள் தங்களைத் தெய்வத்தின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒருவர் போனதும் அடுத்தவர் உளியோடு வந்து, பிடிக்காத பெயரைச் சுவரிலிருந்து கொத்தி எடுத்துவிட்டுத் தன் பெயரை வெட்டினார். ஆண்ட ஒரு பெண்ணின் பெயருக்கும் உருவத்துக்கும்கூட அதைத்தான் செய்தார்கள். இந்தப் பேழையிலும், அரசன் அளிக்கும் காணிக்கை என்று ஒரு வேண்டுதல் இருக்கிறது. ஆயிரம் பாண், ஆயிரம் பியர், எண்ணெய், துணி. எந்த அரசன் என்று அதில் இல்லை. பாடகியின் பெயர் இருக்கிறது.

இதற்கிடையில் அந்தத் தகப்பன் முன்னால் வந்து விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் வேறு யாரும் வந்து நிற்கவில்லை. மூலையைக் கோணலாகப் போட்டுவிட்டுப் பின்னால் போனார். நான் அதை நேராக்கிவிட்டுத் தொடர்ந்தேன்.

"கல்லறையைக் கடந்து போகிறவர்களிடம் அந்தக் காலத்து இறந்தவர்கள் கேட்டது வாயின் மூச்சு மட்டும்தான்," என்றேன். "பேழையில் இருக்கிற வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பாண் அவளுக்குப் போய்ச் சேரும் என்று நம்பினார்கள். பெயரை ஒரு முறை சொல்லுவோமா?"

நான் சொன்னேன். பெற்றோர் தங்கள் சப்பாத்து நுனிகளைப் பார்த்தார்கள். ஜேர்மன்காரர் இப்படியான இடத்தில் கூச்சப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது பின்வரிசையிலிருந்து அம்மா சத்தமாக, செபமாலை சொல்லும் குரலில், அந்தப் பெயரைச் சொன்னார். அசல் யாழ்ப்பாண உச்சரிப்பு. எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதி வைக்கவில்லை. அம்மா சொன்னது பிழை என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல ஏலாது. பிறகு பிள்ளைகள் சொன்னார்கள், பெற்றோரில் சிலரும் முணுமுணுத்தார்கள். அந்தத் தகப்பன் சொல்லவில்லை. வெளியே போகும்போது வரவேற்பு மேசையில் முறைப்பாடு செய்தார்.

மாலை நிகழ்ச்சி திட்டமிட்டபடி நடந்தது. பொன் கழுத்தணி போட்டவள் ஒரு மாணவி. பிள்ளைகள் நன்றாக அலறினார்களாம். ஒரு கிழமைக்குள் இயக்குநர் கூப்பிட்டு, இனி எனக்குச் சுற்றுகள் இல்லை என்றார். "நீங்கள் இங்கே பிரசங்கம் செய்ய வரவில்லை," என்றார்.

"இல்லை. அவள் யார் என்று சொல்ல வந்தேன். அதற்குத்தான் என்னை எடுத்தீர்கள்."

ரயிலில் வரும்போது கண்ணீர் வந்தது. ஆனால் அந்த அம்மையாரின் முன்னால் ஒரு சொட்டும் விடவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். அப்பா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று வரும் என்று எதிர்பார்த்தேன்.

"தொழிற்சாலையில என்னையும் ஒருக்கா வேலையால நிப்பாட்டினவங்கள்," என்றார். "மேல்பார்வை போர்மனுக்கு எதிர்த்துக் கதைச்சதுக்கு. கொம்மாவுக்கு இண்டு வரைக்கும் தெரியாது. வா, சாப்பிடு."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றேன். வசந்தத்தில் டுசல்டோர்ஃப் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு தொல்பொருள் சேகரிப்பில் வழிகாட்டி வேலைக்கு இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். முதியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

"முந்தைய இடத்தில் கண்காட்சிப் பொருளை மறைத்தீர்களாம்?"

"பொருளை மறைக்கவில்லை. ஒரு பெண்ணைப் போர்த்தினேன்."

"இங்கேயும் அப்படி ஏதாவது வந்தால்?"

பக்கத்தில் இருந்த இளம்பெண், சமாளித்துச் சொல்லுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் சமாளிக்கவில்லை.

"இங்கேயும் போர்த்துவேன்," என்றேன். "அது சரிவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எப்போது தொடங்கலாம் என்று கேட்டார்.