எழுத்துக்கு என்ன அவசரம்

எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பாலவாடியில் நான் டீச்சராக இருந்தேன். இருபத்திரண்டு வயது. தாய்மார்கள் காய் எடுக்கப் போனதும் பிள்ளைகளை உட்காரவைத்து, பிரம்பால் பலகையைத் தட்டி அ, ஆ சொல்ல வைப்பேன். எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான்.

தோட்டத்து முதலாளியம்மா போடியில் குடியிருந்தார். கணவரோடு டென்மார்க் போய்வந்தவர், ஒருநாள் ஜீப்பில் மேலேறி என்னிடம் வந்தார். அங்கே சின்னப் பிள்ளைகள் எழுதுவதே இல்லை, மழையிலும் வெளியே விளையாடுகிறார்கள், தாங்களே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்று ஆசை ஆசையாகச் சொன்னார்.

"எழுத்துக்கு என்னம்மா அவசரம்? நம்ம பிள்ளைகளும் அப்பிடி வளரட்டும். ஒண்ணாங் கிளாசையும் இங்கயே ஆரம்பிச்சிருவோம். நான் பொறுப்பு."

பிரம்பை அடுப்பில் வைத்தேன். மண், தண்ணீர், கொட்டாங்கச்சி போதுமாக இருந்தன. பெரிய ஏலக்காய், சின்ன ஏலக்காய் என்று பிள்ளைகள் பிரித்து எண்ணினார்கள். வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை கதை கட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய தாய்தான் முதலில் சண்டைக்கு வந்தாள்.

"ரெண்டு எழுத்து கத்துக்கிரட்டும்னு அனுப்புனா, இங்கயும் காயப் பொறுக்க வைக்கிறீகளா டீச்சரு?"

"இல்லக்கா, இது வேற படிப்பு. ஒண்ணாங் கிளாசு இங்கனயே வருது. என்னைய நம்புங்க."

நம்பினாள். இரண்டு வருடம் போனது. வெளியூர் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வகுப்புதான் வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் இருந்தபோது, கேட்டுவிடலாமென்று முதலாளியம்மா வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் அவருடைய நாலு வயது மகன் டியூசன் வாத்தியார் முன்னால் ஏ, பி, சி எழுதிக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டியதும் விரலில் ஸ்கேல் விழுந்தது. அவன் அழவில்லை. பழகியிருந்தான்.

நான் பார்த்ததை உள்ளேயிருந்து வந்த முதலாளியம்மா பார்த்துவிட்டார். "இவன் பெரிய ஸ்கூல்ல சேரணும்ல. பரீட்சை வைப்பாங்க."

"நம்ம பிள்ளைகளுக்கு, அம்மா?"

"கிளாசெல்லாம் இப்பதைக்கு முடியாதும்மா. அதுக எங்க பரீட்சை எழுதப் போகுது?"

இரண்டு வருடமாக 'நம்ம பிள்ளைகள்' என்றவர். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மேலே போய் அந்தப் பெண்பிள்ளையின் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவுக சொன்னதயா நான் கேட்டேன்? நீங்க சொன்னீகன்னுதான இருந்தேன்."

மறுநாளே பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுத்தேன். இருந்த சில வாரங்களில் முடிந்தமட்டும் எழுத வைத்தேன். அந்தப் பெண்பிள்ளையைப் போடியில் சித்தி வீட்டில் தங்கவைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் நாள் 'அ' எழுதச் சொன்னபோது பாதியில் நின்றாள். கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அவளிடம் யாரும் கதை கேட்கவில்லை.

அந்த டென்மார்க் முறை தப்பென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் கோபம் ஆறவே இல்லை.

அந்தத் தாய் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் பக்கத்தில் உட்கார நேர்ந்தாலும், போடி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வருவாள்.