ஷீஜாவின் இங்கிலாந்து விலாசம்

ஷீஜாவுக்கு இங்கிலாந்தில் ஒரு விலாசம் உண்டு. பாஸ்போர்ட்கூட எடுக்காதவள், தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரைத் தெருவில் இருக்கிறவள், அவளுக்கு அங்கே விலாசம் என்றால் தெருவின் வாய் சும்மா இருக்குமா? ‘லண்டன்காரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பைப்படியில் குடத்தோடு நின்றால், “லண்டன்ல தண்ணி வரல்லியா பிள்ளே?” என்பார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

விலாசம் என்றால் வீடு இல்லை, ஒரு குடோன். அங்குள்ள கடைகள் பலவும் இந்தியாவுக்குச் சாமான் அனுப்புவதில்லை. அதனால் இடையில் சில கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. நாம் பதிவு செய்தால் அவர்களுடைய குடோன் விலாசத்தையும் நமக்கென்று ஒரு நம்பரையும் தருவார்கள். கடைக்காரன் அந்த நம்பருக்கு அனுப்புவான். குடோன்காரன் நம் பெயருக்கு வந்ததையெல்லாம் ஒரே பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றிவிடுவான். செண்டும் ஷூவும் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படி வாங்குவார்கள். ஷீஜா வாங்கியது ஒரு மாவு.

அவளுடைய மகள் ரெஜிஷாவுக்கு மூன்று வயது. பிறவியிலேயே ஒரு கோளாறு. புரதத்தில் இருக்கும் ஒரு சத்து அவள் உடம்பில் செரிப்பதில்லை. அது ரத்தத்தில் தங்கித் தங்கி மூளையைக் கெடுக்கும். மீன், முட்டை, பால், பருப்பு எதுவும் தொடக்கூடாது. சோறுகூட தராசில் நிறுத்துத்தான். பிள்ளை வளர வேண்டுமே, அதற்காக அந்த ஒரு சத்தை மட்டும் நீக்கிய மாவைத் தினமும் கரைத்துக் கொடுக்க வேண்டும். மருந்தும் அதுதான், சாப்பாடும் அதுதான்.

கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு மீன் கொடுக்காதே என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? “ஒரு நெத்திலி தின்னா பிள்ளை செத்தா போவும்?” என்று ஷீஜாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகாதுதான். செத்துப்போகும் என்றால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். புத்தி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்றால் பெற்றவளைத் தவிர யாருக்கும் புரிவதில்லை.

முதலில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வழியாக மாவு கிடைத்தது. பிறகு வரத்து நின்றுபோயிற்று. ஷீஜாவின் மாப்பிள்ளை சுஜின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவனும் அங்கே கடை கடையாக ஏறி இறங்கினான், கிடைக்கவில்லை. கடைசியில், இதே கோளாறுள்ள பிள்ளையின் தாய் ஒருத்தி கோட்டயத்திலிருந்து போனில் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தாள். டாக்டர் சீட்டையும் வைத்து ஷீஜா அனுப்பச் சொன்ன முதல் பெட்டி ஒழுங்காக வந்தது. அடுத்ததும் வந்தது. இனி பயமில்லை என்று அவள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னபோது நானும் அதை நம்பினேன்.

அடுத்த வீட்டு அஜிதா வந்தது அதற்குப் பிறகுதான். அவள் மாப்பிள்ளை ஜெப்சன் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவன். போனால் வாரக்கணக்கில் ஒரு தகவலும் இருக்காது. அவளுடைய அண்ணன் ஒக்கிப் புயலில் கடலோடு போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

“ஏட்டி ஷீஜா, ஒனக்க பெட்டியில ஒரு சாமான் வைக்கட்டா? சின்னதுதான், கையில அடங்கும்.”

“என்னதுட்டி?”

“நடுக்கடல்ல ரேஞ்சு இல்லாத எடத்துலேருந்தும் மெசேஜ் அனுப்பலாமாம். சாட்டிலைட்டு வழியாட்டு. எனக்க அண்ணனுட்ட அது ஒண்ணு இருந்திருந்தா…” 

எங்கள் ஊரில் இதற்கு மறுப்பே கிடையாது. கல்ஃபிலிருந்து வருகிறவனின் பெட்டி அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. ஒருத்தன் தாய்க்குத் தைலம் கொடுத்துவிடுவான், இன்னொருத்தன் பிள்ளைக்குப் பால்பொடி கொடுத்துவிடுவான். இடமில்லை என்று சொன்னவனைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். ஷீஜாவின் கல்யாண வாட்சே யாரோ ஒருவர் பெட்டியில் வந்ததுதான். ஆகவே அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. மாவு டின்கள் குடோனுக்கு முதலில் வந்துவிட்டன. அஜிதாவின் பொட்டலமும் வரட்டும் என்று காத்திருந்து, இரண்டையும் ஒன்றாகக் கட்டச் சொன்னாள். என்ன சாமான் என்று கேட்ட இடத்தில் ஒளிக்காமல் உள்ளதை எழுதினாள்.

பெட்டி சென்னையில் இறங்கி, சுங்கத்தில் நின்றுவிட்டது. போன் போட்டால் கூரியர்காரன் சொன்னான்: “சாட்டிலைட் கருவியை அனுமதி இல்லாம இந்தியாவுக்குள்ள கொண்டுவரக் கூடாது மேடம். விசாரணை முடியாம பெட்டியை விட மாட்டாங்க.”

அப்படி ஒரு சட்டம் இருப்பது ஷீஜாவுக்குத் தெரியாது, அஜிதாவுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. கடலுக்குப் போகிறவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்புவது குற்றம் என்று யாருக்குத் தோன்றும்?

வீட்டில் இருந்த கடைசி டின்னில் மாவு இறங்கிக்கொண்டே வந்தது. ஷீஜா கரண்டியைத் தட்டி மட்டம் பார்த்துப் போட ஆரம்பித்தாள். பிறகு அரைக் கரண்டியாக்கித் தண்ணீரைக் கூட்டினாள். ஒருநாள் நான் போனபோது டின்னின் விளிம்பைத் தூரிகையால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கத்தினாள். “எனக்க பிள்ளைக்க மாவுட்ட கவர்மெண்டுக்கு என்ன அக்கா பகை? நான் குண்டா கொண்டு வந்தேன்?” நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அஜிதாமேல் அவள் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அஜிதாவோ எங்களைக் கண்டால் வாசலிலிருந்து உள்ளே போய்விடுவாள்.

சென்னைக்கு நேரில் போவதென்று முடிவாயிற்று. ரெஜிஷாவை ஷீஜாவின் தங்கையிடம் விட்டுவிட்டு நானும் துணைக்குக் கிளம்பினேன். நாகர்கோவில் ஸ்டேஷனில் பார்த்தால், ஒரு துணிப்பையோடு அஜிதாவும் நிற்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. 

சுங்க அதிகாரி மரியாதையானவர்தான். உட்காரச் சொன்னார். டாக்டர் சீட்டைப் படித்தார். பிறகு ஷீஜாவைப் பார்த்து, “உங்க நம்பருக்குத்தான் வந்திருக்கு. அந்தக் கருவி உங்களுதா?” என்று கேட்டார்.

“எனக்குள்ளதுதான் சார்” என்றாள் ஷீஜா.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் பெட்டியில் ஏற்றிக்கொண்ட சாமானைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஊறிப்போன புத்தி, பிள்ளை பட்டினி கிடக்கும்போதும் போகவில்லை.

“அப்போ விசாரணை முடியணும்மா. அதுவரைக்கும் நான் எதையும் பிரிச்சுத் தர முடியாது.”

ஷீஜா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்தது அழுகையாகக்கூட இல்லை. மூச்சு முட்டுகிற ஒரு சத்தம்.

அஜிதா எழுந்து நின்றாள். “சார், அவ பொய் சொல்லுதா. அது எனக்குள்ளது. எனக்க மாப்பிள்ளைக்கு நான் வாங்கினது. டின்னு மட்டும்தான் அவளுக்குள்ளது. பிள்ளைக்க டின்ன குடுத்துருங்க. கேஸு எனக்க பேர்ல போடுங்க.”

“உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டுச் சொல்லுங்கம்மா. பின்னால கஷ்டமாயிடும்.”

“அவரு கடல்ல இருக்காரு சார். எப்பிடி பேச?”

அவர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அஜிதா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கருவி எனக்கு வேண்டாம் என்றும் எழுதினாள். வெளியே வந்ததும் ஷீஜா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அவள்மேல் வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அந்த வெயிலில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஆனாலும் பெட்டி உடனே வந்துவிடவில்லை. மேலிடத்தில் கையெழுத்தாக வேண்டும் என்றார்கள். இங்கே டின் காலியாகிவிட்டது. ரெஜிஷாவுக்கு அளந்த சோறும் மரச்சீனிக் கிழங்கும் வாழைப்பழமும்தான். ரத்தம் பரிசோதித்த டாக்டர், “மாவு இல்லாம மத்தத எவ்வளவு அளந்தாலும் பிரயோஜனமில்ல” என்றார். பிள்ளை காரணமில்லாமல் வீறிட்டது, தலையைச் சுவரில் முட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப நேரமானது. உண்மையிலேயே நேரமானதா, ஷீஜாவுக்கு அப்படித் தோன்றியதா, எனக்குத் தெரியாது. அவள் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். “ரெஜிஷா. ரெஜிஷா. மக்கா, இங்க பாரு.”

பிரித்து மறுபடி ஒட்டிய பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. டின்கள் எல்லாம் இருந்தன. அஜிதாவுக்கு அதே வாரத்தில் நோட்டீஸ் வந்திருந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு அவளும் ஓடி வந்தாள். ஷீஜா டின்னை உடைத்து, அளந்து, கரைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த மாவின் நாற்றத்தை நான் சொல்லியாக வேண்டும். கெட்டுப்போன கருவாட்டுத் தண்ணீரில் மாத்திரையைப் பொடித்துப் போட்டது போல இருக்கும். நான் ஒருமுறை நாக்கில் வைத்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ரெஜிஷா பிறந்ததிலிருந்து அதையே குடித்தவள் என்பதால் அவளுக்கு அது தாய்ப்பால் மாதிரி. நாறும் என்றே தெரியாமல் மடக்மடக்கென்று குடிப்பாள். இப்போது இடையில் விட்டுப்போயிற்று. நாக்கு சோற்றையும் பழத்தையும் மட்டும் ருசி கண்டுவிட்டது.

டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். “நாறுது” என்றாள்.

“இல்ல மக்கா, ஒனக்க பாலுல்லா? குடி.”

“வேண்டாம்.”

ஷீஜா தேன்குரலில் சொல்லிப் பார்த்தாள், அதட்டினாள், தானே ஒரு வாய் குடித்துக் காட்டிச் சிரித்தாள். அஜிதா பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொள்ள, ஷீஜா மூக்கைப் பொத்தி ஊற்றினாள். உள்ளே போனது அத்தனையும் வாந்தியாக வந்தது. டாக்டருக்குப் போன் செய்தோம். “இப்படி விட்டுப்போனா சில பிள்ளைங்க அப்புறம் தொடவே மாட்டாங்க. விடாம முயற்சி பண்ணுங்க” என்றார். அஜிதா முற்றத்தில் போய் நின்று அழுதாள்.

ஷீஜா மகளின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். “எனக்க பொன்னு மக்களே, ஒரு வாய். அம்மைக்காண்டி ஒரே ஒரு வாய்” என்று அந்தச் சின்னக் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சென்னையில் அந்த அதிகாரியிடம்கூட அவள் அப்படிக் கெஞ்சவில்லை. ரெஜிஷா காலை உதறினாள். டம்ளர் உருண்டது. தரையில் ஓடிய மாவுத் தண்ணீரை ஷீஜா இரண்டு கையாலும் வழித்து வழித்து டம்ளரில் விட்டுக்கொண்டிருந்தாள்.