கலர் சார்ட்டரும் கற்பூரக் கட்டியும்

உத்திரமேரூர்ப் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர்களில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சாலவாக்கத்தில் மூட்டை தூக்கினேன். தூக்கின அதே கையால் சொந்த மில்லின் மெயின் சுவிட்சை ஏற்றினேன். யார் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட என்னைப் போன நவரை அறுவடையில் உள்ளங்கை அகலப் பலகை ஒன்று உட்காரவிடாமல் அடித்தது.

அரிசியில் இருக்கும் கறுப்பு மணியைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளுகிற கலர் சார்ட்டர் எங்களிடம் உண்டு. அதன் கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது. புதிது வர மாசக்கணக்காகும் என்றார்கள். என் மருமகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறவள். தானே செய்து தருவதாகச் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகையை வாங்கி மாட்டினாள். அதில் அவள் போட்டது மைக்ரோகர்னல் என்னும் வகை. அப்படியென்றால் என்ன என்று விடாமல் கேட்டேன். நடுவில் இருக்கும் மூளை ரொம்பச் சின்னது, சேதியை மட்டும் கை மாற்றிவிடும். டிஸ்க்கில் எழுதுகிற டிரைவர் என்னும் புரோகிராம் வெளியே நிற்கும் தனி ஆள் மாதிரி. அவன் விழுந்தால் அவனை மட்டும் எழுப்பி நிறுத்தலாம், மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் என்றாள். இது நம் மில்தானே என்றேன். எலிவேட்டர் பெல்ட் அறுந்தால் நான் பாய்லரையா அணைக்கிறேன்?

மெஷின் ஓடியது. ஆனால் மறுநாள் காலையில் வெறும் மண்டையாக எழுந்தது. ஒவ்வொரு ரக நெல்லுக்கும் அதன் கேமராக் கண்ணை எவ்வளவு கூர்மையாக வைக்க வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து ஏற்றியதில் ஒன்றையும் காணோம். அது தெரியாமல் ஒரு லோடு போய்விட்டது. காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் பாய் போன் செய்தார். மில் தொடங்கிய காலத்திலிருந்து என் அரிசியைத் தவிர வேறு வாங்காத மனுஷன்.

"அண்ணே, உன் மூட்டைன்னா பிரிச்சிப் பாக்காம எறக்குவேன். இந்த வாட்டி வுட்டுட்றேன். சனிக்கிழமை லோடுலயும் கறுப்பு கீதுன்னா, நான் வேற மில்லு பாத்துக்கினு போயிடுவேன். கோச்சிக்காத."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு நின்றபடிதான். களத்துக்குப் போவேன், வானத்தைப் பார்ப்பேன், திரும்பி வந்து மருமகள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். டிரைவர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். அவனை வேண்டுமென்றே விழவைத்து எழுப்பிப் பார்த்தாள். எழுந்து ஒழுங்காக எழுதினான். கீபோர்டில் முறையாக மூடித் திறந்தாள். ஏற்றியதெல்லாம் இருந்தது. பகலெல்லாம் சரி, காலையில் மட்டும் காணோம்.

எழுதச் சொன்னது உடனே டிஸ்க்குக்குப் போகாதா என்று கேட்டேன். போகாதாம். பிளாக் கேஷ் என்று நடுவில் ஒரு தொட்டி. அதில் கொஞ்சம் சேர்ந்த பிறகு, அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் டிரைவர் வாரிக்கொண்டு போய்க் கொட்டுவான். உமி நீக்குகிற ஹல்லருக்கு மேலே எங்களுக்கும் அதே தொட்டி இருக்கிறது. தொட்டியில் இருக்கும்போது கரண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மில்லை எப்படி மூடுகிறீர்கள் என்று கேட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர முன்னமே கிளம்பிவிடுகிறவள், நான் மூடுவதைப் பார்த்ததே இல்லை. அன்று இருந்து பார்த்தாள்.

கடைசி அரிசியில் ஒரு கை அள்ளிப் பார்ப்பேன். நாளைக்குத் தேவையான கண்ணின் கூர்மையை மெஷினில் ஏற்றி வைப்பேன். வெளியே மீட்டர் பெட்டிக்குக் கற்பூரம் காட்டுவேன். சுடர் அணைவதற்குள் மெயினை இறக்கிவிடுவேன். நான் மூட்டை தூக்கிய மில், மூடிய பிறகு கரண்டு லைனில் பொறி கிளம்பி உமியோடு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கற்பூர நெருப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே லைன் சாக வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். ஒரு நாளும் தவறியதில்லை.

"மாமா, கடைசியா ஏத்தனீங்களே, அது இன்னும் தொட்டியிலதான் கீது. நீங்க டிரைவர் வாயில சோத்த வச்சி கழுத்த நெரிக்கிறீங்க."

"போனா அந்தக் கடைசி வாய்தானம்மா போவணும்? எல்லாம் ஏன் போவுது?"

எல்லா ரகமும் ஒரே பக்கத்தில்தானாம்; பாதி எழுதிய பக்கத்தை மெஷின் நம்பாதாம். மொத்தத்தையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். அப்படியென்றால் தொட்டியே வேண்டாம், நேராக எழுதட்டும் என்றேன். மாற்றிக் காட்டினாள். கேமரா எடுக்கிற படங்களும் டிஸ்க்குக்குத்தான் போகின்றன. ஒவ்வொன்றும் எழுதி முடியும்வரை மெஷின் காத்திருக்க, கறுப்பு மணி ஊதப்படாமலே விழுந்தது. பழையபடி தொட்டியை வைத்தாள். கீபோர்டில் மூடிவிட்டு மெயினை இறக்கச் சொன்னாள். எனக்கு அது ஆகாது. என் கை கற்பூரத்துக்குப் பழகியது, கீபோர்டுக்கு இல்லை. கற்பூரத்துக்கு அப்புறமும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். சுடர் அணைந்த பிறகு மெயினைத் தொட மாட்டேன் என்றேன்.

"உங்க கற்பூரம் எவ்ளோ நேரம் எரியும் மாமா?"

வண்டியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். கடைக்காரன், இன்னா பெருசு, தேருக்கா காட்டப் போறே என்றான். இருக்கிறதிலேயே பெரிய கட்டி கொடு என்றேன். அன்று சுடர் நின்று எரிந்தது. மருமகள் திரையைப் பார்த்து, எழுதியாச்சு என்று தலையாட்டின பிறகும் எரிந்துகொண்டிருந்தது. மெயினை இறக்கினேன். காலையில் ஏற்றியதெல்லாம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை லோடு போனது. பாயிடமிருந்து போன் இல்லை. ஞாயிறு முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றினேன். திங்களன்று அவருடைய லாரி காலியாக வந்து வாசலில் நின்றது, அடுத்த லோடுக்கு. அந்தப் பெரிய கட்டியைத்தான் இப்போதும் வாங்குகிறேன்.