நான் மாற்றிச் சொன்ன சொல்

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மராத்தி எழுதப் படிக்க வரும் என்பதால் பெற்றோர் தங்கள் காகிதங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். அன்று காலை என் மாணவி ஒருத்தியின் அம்மா வெறுங்கையோடு வந்தாள். மான்குர்தில் ஒரு தையல் பட்டறையில் நூல் வெட்டும் வேலை அவளுக்கு.

"நேத்து மத்தியானம் பட்டறை மேஸ்திரி என்னயக் கெடுத்துட்டான் டீச்சர். போலீஸ்ல நான் சொல்லுதது அவியளுக்குப் புரியாது. கூட வருவியளா?"

தாராவி போலீஸ் ஸ்டேஷனுக்கே போனோம். பல வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருத்தியை, சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போது எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது சட்டம், பதிந்தார்கள். மருத்துவப் பரிசோதனையும் அன்றே முடிந்தது. விரிவான வாக்குமூலத்தை எங்கே கொடுக்க விருப்பம் என்று பெண் அதிகாரி கேட்டார்.

"வீட்டுல வேண்டாம். சுவரு மெலிசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். பள்ளிக்கூடத்துல வச்சுச் சொல்லுதேன்."

மறுநாள் பிள்ளைகள் போன பிறகு, மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். நான் மராத்தியில் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியதை நான் தமிழில் வாசித்தேன். 'தப்பாக நடந்துகொண்டான்' என்ற இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள்.

"நான் அப்பிடிச் சொல்லலியே."

அது அதிகாரி மாற்றியது இல்லை. கூச்சத்தில் நானே அப்படிச் சொல்லியிருந்தேன்.

"கையப் பிடிச்சு இழுத்தாலும் தப்பா நடந்தான்னுதான் சொல்லுவாவ. அவன் பண்ணுனத எழுதச் சொல்லுங்க டீச்சர்."

அவன் செய்ததை ஒவ்வொன்றாக, மழுப்பாமல், மராத்தியில் சொன்னேன். வாழ்நாளில் நான் வாய்விட்டுச் சொல்லியிராத சொற்கள். அதிகாரி தலைநிமிராமல் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார். முழுவதையும் இன்னொரு முறை வாசிக்கக் கேட்டபின் அவள் கையெழுத்திட்டாள்.

ஊருக்குப் போயிருந்த அவள் கணவர் திரும்பி வந்து சில வாரங்கள் அவளோடு பேசவே இல்லையாம். பிறகு ஒவ்வொரு தேதிக்கும் கோர்ட் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். விசாரணை மூடிய அறையில் நடந்தது. மேஸ்திரியின் முகம் தெரியாதபடி நடுவில் ஒரு திரை. பள்ளிக்கூடத்தில் சொன்னதையே அங்கேயும் சொன்னதாக அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஒன்றரை வருடத்தில் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்திருக்கிறான். அவள் இப்போது ஆண்டாப் ஹில்லில் வேறொரு பட்டறையில் வேலை செய்கிறாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் தலையசைப்பாள், பக்கத்தில் வர மாட்டாள். அன்று பெஞ்சில் அவள் சொன்னது அத்தனையும் கேட்டவள் நான்; நானும் கூப்பிடுவதில்லை.