கட்டிப்பிடிக்க ஓர் ஒத்திகை

போன வாரம் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "சார், உங்களை எங்கெல்லாம் தொடலாம்? எங்கெல்லாம் கூடாது?"

சிரிக்காதீர்கள். ஐம்பத்தாறு வயதில் திடீரென்று இப்படிக் கேட்டால் என்னதான் சொல்வது?

"முட்டியை மட்டும் தொடாதீங்க... வலிக்கும்" என்றேன்.

கேட்டவர் பெயர் நிலா. குமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம் ஒரு வெப் சீரிஸ் ஷூட்டிங். அதில் அவர் இன்டிமஸி கோஆர்டினேட்டர்; தொட்டு நடிக்கிற காட்சிகளுக்குப் பொறுப்பு. நம்ம ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்கத்தான் நான் போனேன். என் தொந்தியைப் பார்த்த டைரக்டர், நாலு வருஷம் கழித்து கல்ஃபிலிருந்து வரும் கணவன் வேஷத்தில் என்னைத் தள்ளிவிட்டார். வந்ததும் மனைவியைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

"இதுக்கெல்லாமா தனியா ஒரு ஆளு?"

"ஃபைட்டுக்கு மாஸ்டர் இல்லையா சார்? உடம்புல படாம அடிக்கச் சொல்லித் தருவார். நான் மனசுல அடிபடாம அணைக்கச் சொல்லித் தரேன்."

மனைவியாக நடித்தவர் செலின். கடற்கரை ஊர்க்காரர், தையல் டீச்சர். சர்ச் நாடகத்தில் நடித்ததோடு சரி. கேமரா முன்னால் இதுதான் முதல் நாள்.

ஒத்திகை தொடங்கியது. வலது கை தோளில், இடது கை முதுகில், மூன்று எண்ணும்வரை. எனக்கோ இடது வலது குழம்பிவிட்டது. செலின் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, கட்டிப்பிடிக்கியளா... சட்டைக்கு அளவு எடுக்கியளா?"

எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று டைரக்டர், "கன்னத்துல ஒரு முத்தமும் வச்சிடலாம்" என்றார். ஸ்கிரிப்டில் இல்லாத முத்தம்!

நிலா செலினைப் பார்த்து, "உங்களுக்கு ஓகேவா?" என்றார்.

"அதெல்லாம் ஓகேதான்! நம்ம ஊருப் பிள்ளை, தைரியசாலி" — யார் சொன்னது? நான்தான்.

ஜவுளிக்கடையில் என் மனைவியிடம் கலர் கேட்டால் நான் சொல்வேன். டாக்டர் அவளிடம் எங்கே வலி என்று கேட்டாலும் நானே சொல்வேன். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது சம்பளமில்லாத உத்தியோகம்.

நிலா என் பக்கம் திரும்பவே இல்லை. "செலின்கிட்ட கேட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவரைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப் போனார். ஆனால் செலினுடையது அலையைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். ரகசியம் முற்றம் முழுக்கக் கேட்டது.

"எனக்க மவ பத்தாம் கிளாஸ். கூடப் படிக்கவளுவ எல்லாம் பாப்பாளுவ. அதுக்குப் பொறவு பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போவும்? வேண்டாம்னு சொன்னா... என்னைய மாத்திருவாவளா?"

"மாத்த முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டதுல முத்தம் கிடையாது."

எனக்குத் தரையில் ஒரு குழி கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"முத்தம் இல்லை" என்று நிலா வந்து சொன்னார். டைரக்டர் தலையைச் சொறிந்தார். "அப்போ அந்த நாலு வருஷப் பிரிவை எப்படிக் காட்டறது?"

"நான் ஒண்ணு செய்யட்டா?" என்றார் செலின். "எங்க வீட்டுக்காரரு கப்பல்லேருந்து வந்தா நான் செய்யதுதான்." பிறகு என்னிடம், "அண்ணாச்சி, உங்க நெத்தியைத் தொடலாமா?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் நான், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

டேக்.

கட்டைவிரலால் என் நெற்றியில் மெதுவாக ஒரு சிலுவை வரைந்தார். வரைந்த விரலை உடனே எடுக்கவில்லை. "மெலிஞ்சு போனியளே..." என்றார். என் தொந்தியை வைத்துக்கொண்டு அந்த வசனத்துக்கு யூனிட்டே சிரித்திருக்க வேண்டும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டைரக்டர் 'கட்' சொல்லவே மறந்துவிட்டார்.

"சார், பிரமாதமா அழுதீங்க!" என்று பிறகு கைகொடுத்தார். நடிப்பில்லை என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

செலின் ஓரமாய் நின்று மகளுக்குப் போன் போட்டார். "ஏ மக்கா, ஒண்ணும் பேடிக்காண்டாம், பயப்படும்படியா ஒண்ணும் இல்ல. சீரிஸ் வரும்போ உனக்க கூட்டுக்காரியளையும் கூட்டிட்டு வந்து பாரு, கேட்டியா!"

அவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கு ஆகக் கஷ்டமான ஷாட் அதுதான்.