மேற்குச் சுவர்

ஒரே ஓர் ஆள் இருக்கும் வீட்டைக் குளிர வைப்பது யாருக்காக?

கூலிங்காரர் முப்பத்தெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் அவருக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஊரில் பாதி வீடுகளுக்கு ஏசி மாட்டியவர், தன் வீட்டில் ஒன்றுகூட மாட்டவில்லை. கேட்டால், "அது உள்ள இருக்கிற சூட்டை அள்ளிப் பக்கத்து வீட்டு ஜன்னல்ல கொட்டுது. அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம்" என்பார். இது கொள்கையா, சோம்பலா என்பது மனைவிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவள் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

மாடி அறையில் மகன், மருமகள், பேத்தி இருந்தார்கள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்த ஒரு கோடையில், "மாடி ரூம் அடுப்பா கொதிக்குதுப்பா, புள்ளைக்கு முடியல" என்று சொல்லி மகன் நகரத்தின் மறுகோடியில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போய்விட்டான். கூலிங்காரர் அதைப் பிரிவாக எடுத்துக்கொள்ளவில்லை, பழுதாக எடுத்துக்கொண்டார். பழுது என்றால் சரிசெய்துவிடலாம். அறை குளிர்ந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள். கணக்கு அவ்வளவு எளிமையானது.

முதலில் அறையில் ஒரு வெப்பமானியை மாட்டினார். பிற்பகல் இரண்டு மணிக்கு முப்பத்தொன்பது. மொட்டை மாடியைத் தேய்த்துக் கழுவி, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை பூசினார். மதியத்திலிருந்து அந்திவரை வெயில் வாங்கும் மேற்குச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி இரும்புச் சட்டம் நிறுத்தி, கீழே பீப்பாய்களில் கொடி நட்டார். துணி அலசிய தண்ணீரை அதற்கு ஊற்றினார். அடுத்த கோடைக்குள் சுவரே கண்ணுக்குத் தெரியாதபடி பச்சை மூடிவிட்டது.

வெப்பம் இறங்கும்போது அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. ஒருநாள் செல்போன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க சார்?" என்றாள். "முப்பத்தாறு. போன வாரம் முப்பத்தெட்டு" என்றார் இவர். அவள் வைத்துவிட்டாள்.

பிறகுதான் அந்தத் தவறு. குளிர வேண்டிய அறையை முதலில் அடைக்க வேண்டும் என்பது அவர் கையில் ஊறிப்போன பாடம். ஜன்னல் விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார். கூரையோரக் காற்றுத் துளைகளைச் செங்கல் வைத்துப் பூசினார். கொசுவர்த்தியைக் கொளுத்தி ஜன்னலருகே பிடித்தபோது புகை கோடு போட்டாற்போல நேராக ஏறியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மறுநாள் இரவு எட்டு மணிக்கும் அறை முப்பத்தாறிலேயே நின்றது. மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டார்.

மாடி விரிசலைப் பூச வந்த கொத்தனார் அறைக்குள் தலையை நீட்டிவிட்டு உடனே இழுத்துக்கொண்டார்.

"என்னண்ணே, உள்ள பழமா பழுக்க வெக்கிறீங்க? மூச்சு விட ஒரு ஓட்டை இல்லையே!"

"காத்து கசியக் கூடாதுல்ல?"

"ஏசி இருந்தா கசியக் கூடாது. இல்லாத ஏசிக்கு எதுக்குண்ணே இவ்வளவு காவல்?"

கூலிங்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வெற்று அறையில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

அடைத்த துளைகளை அந்த வாரமே கொத்தனார் திறந்துவிட்டார். அந்தி சாய்ந்ததும் ஜன்னல்களைத் திறப்பதும் காலை எட்டுக்குள் மூடுவதும் கூலிங்காரருக்கு வேலையாயிற்று. பிற்பகல் வெப்பம் முப்பத்திரண்டுக்கு வந்தது. மகனைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. சரியா ரெண்டு மணிக்கு வாங்க. அதுதான் இருக்கிறதுலயே மோசமான நேரம்."

வந்தார்கள். பேத்தி வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போனாள். மகன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"பிரமாதம்பா! எங்க ஃப்ளாட்டுக்கும் இப்படிப் பண்ணித் தர முடியுமா?"

கூலிங்காரர் அதற்குமேல் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். மகன் வெப்பமானியைப் படமெடுத்துக்கொண்டான்.

கிளம்பும்போது மகன் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். மருமகள் டம்ளர்களைக் கழுவி வைக்கும் சாக்கில் சமையலறையில் பின்தங்கினாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நாங்க போனது சூட்டுக்காக மட்டும் இல்ல."

"வேற என்னம்மா பழுது?"

"பழுதெல்லாம் இல்ல மாமா. வந்தாலும் போனாலும் உங்க ஹால் வழியாத்தான். எங்க போறீங்க, ஏன் லேட்டுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்ல. நிமிந்து பாப்பீங்க, அவ்வளவுதான். எங்களுக்குன்னு ஒரு வாசல் இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சு. சூடுன்னு சொன்னா உங்களுக்கு வலிக்காதுன்னு அவர் சொன்னார்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூடினார்.

"சரிம்மா. பாத்துப் போங்க."

அடுத்து வந்த சனி, ஞாயிறுகளில் அவர் ஃப்ளாட்டுக்குப் போய், கேட்டபடி வேலையை முடித்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

மாடி அறைக்குத் தெருப்பக்கம் என்று இருந்தது மேற்குச் சுவர் ஒன்றுதான். அதன் நடுவில் சாக்கட்டியால் ஒரு கதவின் அளவைக் கோடு போட்டிருந்தார். அந்த இடத்துக் கொடியை அவரே வெட்டியிருந்தார். தெருவிலிருந்து நேராக ஏறும் இரும்புப் படிக்கட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வருஷமா இந்தச் சுவத்தைப் பொத்திப் பொத்தி வளத்துட்டு, இப்ப அதுலயே ஓட்டையா? சூடு ஏறுமேண்ணே!"

"ஒன்றரை டிகிரி ஏறும்."

"தெரிஞ்சேவா? யாரு வர்றாங்க?"

"இந்தக் கோட்டுலேருந்து உடைங்க."

கதவு வைத்து, படிக்கட்டுக்கும் வண்ணம் அடித்து முடிந்த பிறகு அறை முப்பத்து மூன்றரைக்கு வந்து நின்றது. சொன்னபடியே ஒன்றரை.

ஞாயிறு மகன் போன் செய்தான்.

"ரூம் எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு."

பேத்திக்குப் பல் விழுந்த கதையை முழுதும் கேட்டார். எந்தப் பல் என்று விசாரித்தார். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிறும் சொல்லவில்லை, அதற்குப் பின் வந்த எந்த ஞாயிறும் சொல்லவில்லை.